நாற்பத்துமூன்றாவது வர்ஷினி

வர்ஷினி அம்மாளை நான் முகம் பார்த்துப் பேசியது ஒரே ஒரு தடவை. கொன்றது முப்பத்தொரு தடவை. செவ்வாய் காலை தொடங்கி வியாழன் சாயங்காலத்துக்குள் இத்தனையும் நடந்து முடிந்திருந்தது.

பதறாதீர்கள். நான் மூளை அறுவை மருத்துவர். பெயர் பெனாசிர். கோவையில் இருபத்துமூன்று வருடமாகத் தலைகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று நர்சுகள் சொல்வார்கள். உண்மைதான், மறுக்கவில்லை.

வர்ஷினி என்பது ஓய்வு பெறப் போகிறவர்களின் பெயராகிவிட்ட காலம் இது. எங்கள் வார்டில் எந்த நாள் வந்து பார்த்தாலும் இரண்டு வர்ஷினி, ஒரு ஹரிணி, ஒரு அனுஷ்கா மூட்டுவலி, சர்க்கரை சகிதம் படுத்திருப்பார்கள். இந்த வர்ஷினிக்கு ஐம்பத்தைந்து வயது. ஊர் திருச்செங்கோடு. முப்பது வருடமாகப் போர் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். பூமிக்குள் இறங்கும் ராடு என்ற இரும்புத் தண்டில் காதை வைத்துக் கேட்டு, இன்னும் நாற்பது அடியில் தண்ணீர் என்று சொன்னால் வந்துவிடுமாம். அந்தப் பக்கம் முழுக்க இது பேச்சு.

அவருக்கு வந்திருந்தது மூளையின் அடித்தண்டை ஒட்டி மேலேறும் ரத்தக் குழாயின் உச்சியில் ஒரு வீக்கம். சைக்கிள் டியூப் பலவீனமான இடத்தில் புடைத்துக்கொண்டு நிற்குமே, அதுபோல. நெல்லிக்காய் அளவு. சாதாரண வீக்கமாக இருந்தால் தொடை வழியாக மெல்லிய கம்பியை அனுப்பி உள்ளேயே அடைத்துவிடலாம். இந்த 2061-ல் அதற்கு நான்கூட வேண்டாம், இயந்திரமே செய்துவிடும். இதன் முதுகிலோ மயிரிழை போன்ற கிளைகள் ஒட்டிக்கொண்டு போகின்றன. ஒரு கிளை அடைபட்டால் பேச்சு போகும், இன்னொன்று அடைபட்டால் விழிப்பே போகும். தலையைத் திறந்து, வீக்கத்தின் அடியில் கிளிப் போட்டுத்தான் ஆக வேண்டும். விட்டுவைக்கவும் முடியாது. ஏற்கெனவே சொட்டுச் சொட்டாகக் கசியத் தொடங்கிவிட்டது. இரண்டு வாரம் தாங்கினால் அதிகம்.

இந்த மாதிரித் தலைகளுக்கு எங்களிடம் இருக்கும் வழி ஒத்திகை. நோயாளியின் மூளையை ஒரு நரம்பு விடாமல் ஸ்கேன் எடுத்து, பிரதி செய்து, இயந்திரத்துக்குள் ஓடவிடுவோம். கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு அந்தப் பிரதிக்கு முதலில் ஆபரேஷன் செய்து பார்ப்பேன். தவறினால், ஸ்கேன் எடுத்த செவ்வாய் காலை ஒன்பது மணிக்கே பிரதியைத் திருப்பி வைத்து மறுபடி தொடங்குவேன். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிரதி பேசும்.

முப்பத்தொரு தடவையும் ஒரே இடத்தில்தான் தோற்றேன். வீக்கத்தை மூளைத் தண்டிலிருந்து விலக்கித் தூக்கும்போது, வெங்காயத் தோல் கனமே இருக்கும் அதன் பின்சுவர் கிழிந்துவிடும். உடனே ஒத்திகை அறைப் பொறுப்பாளர் பரிதி நிறுத்திவிடுவார். நான் கையுறையைக் கழற்றி மேஜையில் வீசுவேன். அவர் அதை எடுத்து மடித்து வைப்பார்.

வெள்ளிக்கிழமை காலை வார்டுக்குப் போனேன். வர்ஷினி கட்டிலில் சாய்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தார். கூட இருக்கும் தம்பி தீபக் குளிக்கப் போயிருந்தார். கட்டிலுக்கு இடப் பக்கம் நாற்காலி கிடந்தது. நான் அதை விட்டுவிட்டு, கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலப் பக்கம் போய் நின்றேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, சேரு இந்தப் பக்கந்தானே கெடக்குது. எதுக்குச் சுத்திட்டு அக்கட்ட போறீங்க?"

"உங்களுக்கு இடது காது கேக்காதுல்ல, அதான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். யானைக்கும் அடி சறுக்கும், எனக்குச் சறுக்கியது நாக்கு. ஏழாவது ஒத்திகையிலோ எட்டாவதிலோ, பிரதி என்னிடம் 'இந்தப் பக்கம் வந்து பேசுங்க, அந்தக் காது வண்டியேறுன புதுசுலயே கம்ப்ரசர் சத்தத்துல போயிருச்சு' என்று சொல்லியிருந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு ஒத்திகையிலும் வலப் பக்கம் நின்றே பேசினேன். மூன்று நாள் பழக்கம், கால் தானாகப் போய்விட்டது.

வர்ஷினி டம்ளரைக் கீழே வைத்தார். "ஆரு சொன்னா?"

"ஸ்கேன்ல தெரிஞ்சுது."

"டாக்டரம்மா, நான் முப்பது வருசமா கேக்காத காத ராட்டுல வெச்சு, தண்ணி ஓடுதுன்னு சொல்லிட்டிருக்கறவ. வெளிய வர்ற மண்ணோட நெறத்தப் பாத்துக் கண்டுபுடிக்கறதுதான். அதக் காதுல கேட்டாப்புல சொல்லுவேன். பொய் சொல்றவ மூஞ்சி எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்களா? இது எந்தம்பிக்கே தெரியாத சங்கதி. ஆரு சொன்னா?"

இதற்கு மேல் சமாளிப்பது அசிங்கம் என்று தோன்றியது.

"நீங்கதான் சொன்னீங்க," என்றேன்.

நாற்காலியை இழுத்து வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததுதான்.

"கையெழுத்து வாங்குனப்ப இதெல்லாஞ் சொல்லலீங்களே?"

"பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கு."

"ஆருங்க படிக்கறாங்க? இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்துன்னு அந்தப் புள்ள பக்கத்தத் திருப்பிட்டே போச்சு. நானும் போட்டுட்டே போனேன்." பிறகு, "பிரதின்னா படந்தானுங்களே. அது எதுக்குங்க பேசோணும்?" என்று கேட்டார்.

"பேசினாத்தான் எனக்குத் தெரியும்மா. ஒரு கிளையைப் பத்து விநாடி பிடிச்சு நிறுத்துவேன். அப்ப உங்களைக் கைய தூக்கச் சொல்லுவேன், ஏதாவது கதை சொல்லச் சொல்லுவேன். வாய் குழறினா அந்தக் கிளையத் தொடக் கூடாதுன்னு அர்த்தம். படத்துக்கு வாய் குழறாது. குழறணும்னா அது நெசமா யோசிக்கணும்."

"யோசிச்சா அது நானுங்களே."

இந்தக் கேள்விக்கு எங்கள் துறையில் இரண்டாயிரம் பக்கத்தில் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வரிகூட அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுக்கவில்லை.

"எத்தன தடவ செத்தேன்?"

"முப்பத்தொண்ணு."

"அவளுக்குத் தெரியுங்களா, இது ஒத்திகைன்னு?"

"தெரியாது. சொல்லக் கூடாது. தெரிஞ்சா பயத்துல ரத்த அழுத்தம் ஏறிடும், சோதனையே தப்பாயிடும். உடைஞ்சதும் பத்து விநாடியில நிறுத்திடுவோம். வலிய அனுபவிக்க விடக் கூடாதுன்னு தனியா ஒரு விதி இருக்கு."

வர்ஷினி அழுவார் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது கோபம்.

"கெணத்துக்குள்ள ஆள எறக்கறப்ப, உள்ள என்ன இருக்குதுன்னு சொல்லிப்போட்டுத்தானுங்க எறக்குவோம். தெரியாம எறங்குனவன் பதறுவான். தெரிஞ்சு எறங்குனவன் வேல செய்வான். நீங்க முப்பத்தொரு தடவ என்னைய கண்ணக் கட்டி எறக்கியிருக்கறீங்க. அவகிட்டச் சொல்லுங்க."

"சொன்னா ஒத்துக்குவாங்கன்னு என்ன நிச்சயம்?"

"நாந்தானுங்க அவ. நான் ஒத்துக்குவேன்." விரலை நீட்டினார். "அப்பறம், ஒடஞ்சதும் நிறுத்தறீங்களே, அது எதுக்குங்க? தலைக்கு மேல போனா சாணென்ன, மொழமென்ன? போர் உள்ளுக்குள்ள சரிஞ்சுதுன்னா வண்டியக் கட்டிட்டு ஓடியா வந்துருவோம்? அதுக்கப்பறந்தானுங்க எங்களுக்கு வேலையே. நாளைக்கு எந்தலைக்குள்ள ஒடஞ்சுதுன்னா, அடுத்து என்ன பண்றதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியாது. முப்பத்தொரு தடவை உடைத்தவளுக்கு, உடைந்த பதினோராவது விநாடியில் என்ன செய்வது என்று தெரியாது. வலிக்காமல் இருக்கட்டும் என்று போட்ட விதி அது. ஆனால் அந்த விதியால் நிம்மதியாகத் தூங்கியது பிரதி அல்ல, நாங்கள். வெட்கமாக இருந்தது, அதனால் பரிதியிடம் போய் எரிந்து விழுந்தேன்.

பரிதி சட்டத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். "நோயாளி தன் கையால எழுதிக் கொடுத்தா ரெண்டு விதியையும் தளர்த்தலாம் மேடம். இதுவரைக்கும் யாரும் எழுதிக் கொடுத்ததில்ல," என்றார்.

"யாருக்கும் தெரியாது, அதான் கொடுக்கல," என்றேன்.

வர்ஷினி ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார். மத்தியானமே தொடங்கினோம்.

முப்பத்திரண்டாவது வர்ஷினியை அறுவை மேஜையில் எழுப்பாமல், இயந்திரத்துக்குள்ளேயே அமைத்த வார்டுக் கட்டிலில் எழுப்பினோம். அவளைப் பொறுத்தவரை ஸ்கேன் எடுத்து முடித்த மறுநிமிடம் அது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளுக்கு வலப் பக்கம் உட்கார்ந்து, அவள் யார், எங்கே இருக்கிறாள், வெளியே இருப்பவருக்கு என்ன ஆகப் போகிறது என்று சொன்னேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெளிய இருக்கறவ நல்லா இருக்கறாளா?"

"இருக்காங்க. உங்களால அவங்க பொழைக்கலாம். சம்மதந்தானே?"

"செரிங்க. டெஸ்ட் போர்னு வெச்சுக்கறேன். நிக்காதீங்க, போய்ட்டே இருங்க," என்றாள்.

உடைந்தது. நிறுத்தவில்லை. 'தலை வெடிக்குதுங்க' என்ற குரலைக் கேட்டுக்கொண்டே கையை ஓட்டினேன். நாலைந்து விநாடியில் அவள் நினைவிழந்தாள். அதன் பிறகு ரத்த வெள்ளத்தில் தட்டுத் தடுமாறி மூன்று நிமிடம் போராடித் தோற்றேன். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் கற்றது, முந்தைய முப்பத்தொன்றில் கற்றதை விட அதிகம்.

அடுத்த நாளும் சேர்த்து இப்படிப் பதினோரு பேர். ஒவ்வொருத்தியிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருத்தி கொங்குத் தமிழில் உள்ள வசவு எல்லாவற்றையும் வரிசையாக எனக்கு வாசித்துவிட்டு, "செரி, வாங்க" என்றாள். ஒருத்தி தம்பிக்கு வெசனமாகுமே என்று அழுதாள். ஒருத்தி சிரித்தாள். பதினோரு பேரும் சம்மதித்தார்கள். அவர்களிடமிருந்து நான் வழியைக் கண்டுபிடித்தேன். உடைந்தவுடன் உறிஞ்சக் கூடாது, முதலில் பஞ்சை வைத்து அமுக்க வேண்டும். இதயத்தை அரை நிமிடம் நிறுத்திவைக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டும். அந்த அரை நிமிடத்துக்குள் முன்பக்கமாக அல்ல, இடது பக்க நரம்பை ஒட்டிச் சுற்றிப் போய், வளையக் கிளிப்பைப் பின்னாலிருந்து போட வேண்டும். நாற்பத்தொன்றாவது வர்ஷினி பிழைத்தாள், ஆனால் கண் திறக்கவில்லை. நாற்பத்திரண்டாவது வர்ஷினி கண்ணைத் திறந்து, தன் பெயரையும் ஊரையும் பிசகாமல் சொன்னாள். பரிதி கை தட்டிவிட்டார். நல்ல மனிதர், இப்படி ஒரு நாளும் தட்டியதில்லை.

அவளையும் விதிப்படி அழித்துவிட்டு மறுபடி செவ்வாய்க்கிழமைக்குத் திருப்பினோம். அன்று அது எனக்கு உறுத்தவில்லை. ஒரு தடவை வந்தால் அதிர்ஷ்டம், இரண்டு தடவை வந்தால்தான் வழி என்பது எங்கள் தொழில் பாடம். திங்கட்கிழமை உண்மையான ஆபரேஷன். அதற்கு முன் இன்னொரு தடவை செய்து பார்த்தே ஆக வேண்டும்.

ஞாயிறு காலை நாற்பத்துமூன்றாவது வர்ஷினியை எழுப்பினேன். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பன்னிரண்டாவது முறை என்பதால் பள்ளிக்கூடப் பிள்ளை திருக்குறள் ஒப்பிப்பது போலத் தடங்கலே இல்லாமல் வந்தது. 'சம்மதந்தானே' என்ற இடத்துக்கு வருவதற்குள் பரிதி குறுக்கிட்டார். கருவித்தட்டு இயந்திரத்துக்குள் ஏறவில்லை, திரும்ப ஏற்றப் பத்து நிமிடம் ஆகும் என்றார். நான் எரிச்சலோடு காபியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

காபி பாதி ஆனபோது அவள் கேட்டாள்.

"டாக்டரம்மா, மாட்டேன்னு சொல்லலாமுங்களா?"

"சொல்லலாம்," என்றேன். யோசிக்காமல் வந்த பதில். ஆனால் சரியான பதில்.

"சொன்னா?"

"செய்ய மாட்டேன்."

"அப்ப மாட்டேனுங்க," என்றாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அவ பொழைக்கட்டும். எனக்கும் இருக்கோணும்னு இருக்குது."

டம்ளரைக் கீழே வைத்தேன். அதே மூளை, அதே செவ்வாய்க்கிழமை, அதே சொற்கள். பதினோரு பேர் சரி என்றார்கள், இவள் மாட்டேன் என்கிறாள். என்ன வித்தியாசம் என்று தேடியபோது ஒன்றுதான் கிடைத்தது. பத்து நிமிடம். அந்தப் பதினோரு பேருக்கு நான் மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. சொல்லி முடித்த கையோடு 'சம்மதந்தானே' என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். மாட்டேன் என்று ஒரு பதில் உண்டு என்பதை அவர்களில் யாரிடமும் நான் சொல்லவேயில்லை. கையெழுத்து வாங்கும் அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் வெள்ளைக் கோட்டைத் தவிர வித்தியாசமில்லை.

பரிதி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், திருப்பி வச்சுடலாமா? ஒன்பது மணிக்குத் திருப்பிட்டா இவங்களுக்கு இது எதுவும் ஞாபகம் இருக்காது. அடுத்தவங்ககிட்ட நேரம் கொடுக்காமச் சொல்லிடலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அதே யோசனைதான் வந்திருந்தது. இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு பிரதியைத்தான் தாங்கும். இன்னொரு ஒத்திகை வேண்டுமென்றால், மாட்டேன் என்றவளை அழிக்க வேண்டும்.

"செய்ய மாட்டேன்னு சொல்லிட்டேன் பரிதி."

"அப்ப ஒத்திகை இதோட முடிஞ்சுது. ஒரே ஒரு வெற்றியோட நாளைக்கு உள்ள போறீங்க."

"போறேன்."

நேராக வார்டுக்குப் போனேன். உள்ளே இருப்பவள் மாட்டேன் என்றதையும், அதனால் எனக்கு இரண்டாவது வெற்றி கிடைக்கவில்லை என்பதையும் வர்ஷினி அம்மாளிடம் மறைக்காமல் சொன்னேன். தம்பி தீபக்கும் இருந்தார்.

"அவளப் புடிச்சுப் பண்ண முடியாதுங்களா?" என்றார் தீபக். அக்கா மேல் உள்ள பாசத்தில் சொன்னது.

"சும்மா இருடா," என்றார் வர்ஷினி. "அப்பவும் என்னையத்தானே புடிப்பாங்க." என் பக்கம் திரும்பினார். "அப்ப எனக்குள்ள அத்தன பயம் இருக்குதுன்னு அர்த்தம். எனக்கே தெரியலீங்க." பிறகு மெதுவாக, "நானும் மாட்டேன்னு சொல்லலாமுங்களா?" என்றார்.

"சொல்லலாம். முதல் நாளே சொல்லியிருக்கணும். சொன்னா, ரெண்டு வாரத்துக்குள்ள அதுவா உடையும். செஞ்சா, பொழைக்க வாய்ப்பு பாதிக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு மேல எங்கிட்ட வாக்குறுதி இல்ல."

நான் எழுந்து போகவில்லை, பேசவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் நர்சுகளைக் கேட்டால் சொல்வார்கள். பத்து நிமிடத்துக்கு மேலேயே ஆனது. தீபக் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையமர்த்தினேன்.

"அவ மாட்டேன்னது அவளுக்கு," என்றார் வர்ஷினி கடைசியில். "எனக்கு நாஞ் சொல்றேன். பண்ணுங்க."

திங்கள் காலை எட்டேகாலுக்குத் தொடங்கினோம். பதினொன்று இருபதுக்கு வீக்கத்தை விலக்கித் தூக்கினேன். பின்சுவர் கிழிந்தது. நுண்ணோக்கி முழுக்கச் சிவப்பு. என் எதிரே நின்ற உதவி மருத்துவரின் கண் விரிந்தது. என் கை மட்டும் பதறவில்லை. பஞ்சு. அமுக்கு. மருந்து கொடுங்கள். இதயத் துடிப்பின் ஓசை நின்றது. அறையில் பதினோரு பேரின் குரல் இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் நான் கேட்டேன். நிக்காதீங்க, போய்ட்டே இருங்க. இடது நரம்பை ஒட்டிச் சுற்றினேன். கிளிப் உட்கார்ந்தது. இருபத்தாறாவது விநாடி. இதயம் மறுபடி தொடங்கியது. ஒரு சொட்டுக் கசியவில்லை.

அன்று மாலை அவர் கண் விழித்ததும், "தண்ணி," என்றார். இடது கை கொஞ்சம் தளர்ந்திருந்தது. அது தேறிவிடும். வெளியே வந்து தீபக்கிடம் நானே சொன்னேன். மகிழ்ச்சி என்றால் அப்படி ஒரு மகிழ்ச்சி.

உள்ளே இருப்பவளுக்கு மறுநாள்தான் சொல்ல முடிந்தது. 'பொழச்சுட்டாளா' என்று எழுந்து உட்கார்ந்தாள். சிரித்தாள். பிறகு நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டாள். பிரதி என்றால் சும்மாவா? வீக்கமும் பிரதிதான், கசிவும் பிரதிதான். அவளுக்கும் இரண்டு வாரம்தான்.

அதற்குள் மருத்துவமனைக் குழு கூடியது. அடுத்த நோயாளி காத்திருக்கிறார், இயந்திரத்தைக் காலி செய்யுங்கள் என்றார்கள். நியாயமான கோரிக்கைதான், அவரும் ஒரு உயிர்தானே. நான் கத்தியதில் பாதி இங்கே எழுதத் தக்கதல்ல. வழி சொன்னவர் பரிதி.

"இவ்வளவு பெரிய இயந்திரம் ரத்த ஓட்டத்தக் கணக்குப் போடத்தான் தேவைப்படுது. வீக்கம் இல்லாத பிரதிக்கு இது வேண்டாம். சின்ன இயந்திரம் ஒண்ணுக்கு மாத்தி, அவங்க பாட்டுக்கு இருக்க விடலாம். சட்டத்துல தடை இல்ல. வீக்கந்தான் போகணும்."

"சனிக்கிழமை காலைக்குத் தியேட்டரத் தயார் பண்ணுங்க."

"ஒத்திகைன்னு பதிவு பண்ணிடட்டுமா மேடம்?"

"இதுல எனக்குக் கத்துக்க ஒண்ணும் இல்ல பரிதி. அவங்களுக்காகத்தான். ஆபரேஷன்னு போடுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "ஆபரேஷன்னா, எல்லா முறையும் பண்ணணுமே. சம்மதம், கூட வர்ற ஆள், கையெழுத்து."

"பண்ணுவோம்."

சனிக்கிழமை காலை அவளிடம் போய் உட்கார்ந்தேன். பாதிக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்றேன். மாட்டேன் என்றும் சொல்லலாம், யாரும் அழித்துவிட மாட்டார்கள், வீக்கம் உடையும் வரை பக்கத்தில் இருப்பேன் என்றேன். அதற்காகக் குழுவோடு இன்னொரு சண்டை போட வேண்டியிருந்திருக்கும், போட்டிருப்பேன். காபி முழுவதும் ஆறிப்போனது.

"இப்பப் பண்ணுங்க," என்றாள். "எனக்காவன்னா செரி."

திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டேன். கழுவத் தேவையில்லைதான், இயந்திரத்துக்குள் கிருமி ஏது? கழுவாமல் போக மனம் வரவில்லை. தேய்த்த கையையே மறுபடி தேய்த்தேன். திங்கட்கிழமை இந்தத் தயக்கம் இல்லை. அன்று தவறினால் எனக்குப் பின்னால் நாற்பத்திரண்டு ஒத்திகை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இன்று தவறினால் திருப்பி வைக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன்.

ஒத்திகை அறை வாசலில் சக்கர நாற்காலி ஒன்று நின்றது. தலையில் வெள்ளைக் கட்டோடு வர்ஷினி அம்மாள், நாற்காலியைப் பிடித்தபடி தீபக்.

"நீங்க எதுக்கும்மா எழுந்து வந்தீங்க? படுத்திருக்கணும்," என்று சத்தம் போட்டேன்.

"கூட ஒரு ஆளு வேணும்னாங்களாமே. வேற ஆரு வருவாங்க?"

பரிதி படிவத்தை நீட்டினார். இந்த முறை யாரும் பக்கத்தைத் திருப்பவில்லை. வர்ஷினி அம்மாள் பதினாலாம் பக்கம் உட்பட ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துப் படித்தார். தீபக் இரண்டு தடவை மணியைப் பார்த்தார், நான் ஒரு தடவையும் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் பேனா நின்றது.

"இதுல என்னங்க எழுதறது?"

"உங்களுக்குத் தோணுறத எழுதுங்க," என்றேன்.

தம்பியை ஒரு பார்வை பார்த்தார். மூடிய கதவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, பெரிய எழுத்தில், 'அக்கா' என்று எழுதினார்.

"அவளுக்குத் தெரியாத அஞ்சு நாளு எனக்குத் தெரியுமுங்களே. அப்ப நாந்தான மூத்தவ," என்றார். "அவ பயந்தவ டாக்டரம்மா. ஒவ்வொண்ணயும் சொல்லிச் சொல்லிப் பண்ணுங்க."